பெண்ணுக்குக் கணக்கு வராதா?

சென்ற வாரம் நாம் குருவிகுளத்தில் ஒரு பொதுக்கூட்டத்திற்குப் போயிருந்தோம். சங்கரன்கோயிலில் ரயிலை விட்டிறங்கிக் கரிசல் காட்டு வழியே பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கூட்டம் நன்றாகவே நடந்தது. ஜாதி ஒழிப்பைப் பற்றியும், மூடநம்பிக்கையைப் பற்றியும், பெண் விடுதலையைப் பற்றியும் இரண்டு மணி நேரம் பேசினோம். பெண் விடுதலை என்று சொன்ன இடத்திலெல்லாம் எல்லோருக்கும் முந்திக் கைதட்டியவர் உள்ளூர்த் தோழர் ஒருவர். இருபது வருஷமாகக் கருப்புச் சட்டை போடுகின்றவர். தாலியில்லாமல், புரோகிதரில்லாமல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். அவர் வீட்டிலேயே நமக்குச் சாப்பாடு.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சு அவருடைய மகளைப் பற்றித் திரும்பிற்று. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கித் தேறியிருக்கின்றாள். கணக்கில்தான் எல்லாவற்றையும்விட அதிக மார்க்கு. "பதினோராவதில் எந்தப் பிரிவு?" என்று கேட்டோம். தோழர் சொன்ன பதில் நம் தொண்டையில் சோற்றை நிறுத்திவிட்டது.

"கணக்கில்லாத பிரிவாகப் பார்த்துச் சேர்த்துவிடலாமென்றிருக்கிறேன், தோழர். ஏதோ பத்தாவதில் மனப்பாடம் பண்ணி வாங்கிவிட்டாள். மேலே போகப்போகக் கணக்குக் கஷ்டம். பெண்பிள்ளைக்கு அதெல்லாம் எட்டாது. வாத்தியாரும் அப்படித்தான் சொல்லுகிறார்."

அடுப்படியிலிருந்து அந்த அம்மையாரும், "ஆமா அண்ணாச்சி, எனக்கும் கணக்குன்னா ஒண்ணும் ஓடாது. எங்க வம்சத்துல பொம்பளைக யாருக்குமே கணக்கு வராது" என்றார்கள்.

இதைச் சொல்லி வாய் மூடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி வாசலில் வந்து நின்று, இந்த மாதம் சீட்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டாள். நமது அம்மையார் கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மூவாயிரம் தள்ளு போயிருக்கு. இருபது பேரு. ஆளுக்கு நூத்தம்பது கழிஞ்சது போக, நீ எண்ணூத்தம்பது கட்டணும். போன மாசத்துக்கு நீ நூறு பாக்கி. தொள்ளாயிரத்தம்பதாக் கொண்டா" என்று சொல்லிவிட்டு, நமக்கு ரசம் ஊற்ற வந்துவிட்டார்கள்.

இவர்களுக்குக் கணக்கு வராதாம்!

இந்த வேடிக்கை குருவிகுளத்து வீட்டோடு நின்றுவிடக்கூடிய வேடிக்கையாயிருந்தால் நாம் இங்கு எழுதவேண்டியதில்லை. நாம் போகின்ற ஊரெல்லாம், நமது தோழர்கள் வீடெல்லாம் இந்தப் பேச்சுத்தான். கடவுள் இல்லை என்று ஒப்புக்கொண்டவன், ஜாதி இல்லை என்று ஒப்புக்கொண்டவன், பெண்ணின் மூளையில் கணக்குக்கு இடமில்லை என்பதை மாத்திரம் வேதவாக்காக வைத்துக்கொண்டிருக்கின்றான். இன்ன ஜாதியானுக்குத்தான் படிப்பு வரும், மற்றவனுக்கு வராது என்று மனுதர்மக்காரன் சொன்னபோது நாம் என்ன கேட்டோம்? "படிக்க விட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டோம். அந்தக் கேள்வியையேதான் இப்பொழுது நமது வீட்டுக்குள் திரும்பிக் கேட்கின்றோம்.

பெண்கள் கோலம் போடுவதை எடுத்துக்கொள்ளுவோம். லட்சுமி வருவாள் என்று கோலம் போடுவது அறிவீனம் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் கோலத்திற்குள் இருப்பது லட்சுமியல்ல, கணக்கு. பதினைந்து புள்ளி வைத்து எட்டு வரை இடுக்குப்புள்ளி என்றால், நடுவரிசையில் 15. அதற்கு மேலும் கீழும் 14, 13, 12 என்று குறைந்து 8-ல் நிற்க வேண்டும். மொத்தம் எத்தனை புள்ளி? 14-ம் 8-ம் 22, 13-ம் 9-ம் 22, 12-ம் 10-ம் 22, நடுவில் 11, ஆக 77. மேலே ஒரு 77, கீழே ஒரு 77, நடுவில் 15, மொத்தம் 169. அது 13-ஐ 13-ஆல் பெருக்கிய எண் என்பதைப் பார்த்ததும், "ஏன் அப்படி வருகிறது? 17 புள்ளி வைத்து 9-ல் நிறுத்தினாலும் அப்படி வருமா?" என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றிவிட்டால் அங்கேயே கணிதம் ஆரம்பமாகிவிட்டது. (வராது, ஏன் வராது என்று போட்டுப் பாருங்கள்.)

இது நமது கற்பனையல்ல. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, அவருடைய துணைவியாரான கணிதப் பேராசிரியை ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் சேர்ந்து 1974-ல் கோலங்களின் இலக்கணத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரின் அடிப்படைக் கணிதத்தில் உலகத்தார் எடுத்துப் படிக்கின்ற கட்டுரை அது. எழுதிய மூவரில் இருவர் பெண்கள். நமது தாய்மார்கள் விடியற்காலையில் குனிந்து போடுகின்றதைத்தான் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கணிதமாக்கினார்கள். நமது தாய்மார்களுக்கு இருந்த குறை மூளையில் இல்லை. உட்கார நாற்காலியும், எழுதக் காகிதமும், தொந்தரவில்லாத இரண்டு மணி நேரமும் அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

நிற்க, இந்த "வராது" என்கின்ற வார்த்தை எப்படி வந்தது என்று சற்று யோசிப்போம். ஆண்பிள்ளை கணக்குப் பார்த்தால் அவன் கெட்டிக்காரன். பெண்பிள்ளை கணக்குப் பார்த்தால் அவள் பஜாரி. மாமியார் வீட்டில் எத்தனை பவுன் போயிற்று, எத்தனை பவுன் அடகில் இருக்கிறது என்று ஒரு மருமகள் எண்ணிச் சொல்லிவிட்டால், "கணக்குப் பார்க்கிறவள் குடும்பத்துக்கு ஆகமாட்டாள்" என்று தெருவே சொல்லும். அடிமைக்குக் கணக்குத் தெரியக்கூடாது என்பது எஜமானனுக்கு எப்பொழுதும் உள்ள ஜாக்கிரதை. பண்ணையாளுக்குக் கூலிநெல்லின் அளவு தெரியாமலிருந்த வரையில் மிராசுதாரருக்கு நிம்மதி. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கும் பெண்ணுக்குத் தான் அடுக்கியதற்குக் கூலி எவ்வளவு என்று கூட்டத் தெரியாத வரையில் கணக்கப்பிள்ளைக்கு நிம்மதி. வீட்டிலும் அதே நிம்மதியைத்தான் புருஷன்மார் தேடுகின்றார்கள். முதலில் கணக்கைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டு, பிறகு கணக்கு வராது என்று சொல்லி, கடைசியில் அவள் வாயாலேயே "எனக்கு வராது" என்று சொல்லும்படி செய்துவிட்டார்கள். பூட்டிவைத்தவனுக்கு வேலை மிச்சம். கைதியே சாவியைக் காத்துக்கொண்டிருக்கின்றாள்.

நமது புராணக்காரர்களும் இந்த விஷயத்தில் மகா கெட்டிக்காரர்கள். படிப்புக்கு அதிபதி சரஸ்வதி என்று ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். ஆனால் அவளைக் கும்பிட்ட நாட்டில் பெண்களுக்கு எழுத்து வாசனை இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். அது போகட்டும். மேல்லோகத்தில் பாவபுண்ணியக் கணக்கு எழுத யாரை வைத்தார்கள்? சித்திரபுத்திரனை! வீணை வாசிக்கப் பெண்; கணக்கு எழுத ஆண். மேல்லோகத்திலும் கணக்கப்பிள்ளை வேலைக்குப் பெண்கள் விண்ணப்பம் போடக் கூடாது போலும்.

இன்னொரு தெய்வத்தின் சமாசாரமும் இருக்கின்றது. ஈரோட்டில் 1887-ல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன் பெரிய கணித மேதை. இதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. அவரைப் பற்றிப் பேசுகின்ற வைதீகர்கள், அவருக்கு நாமக்கல் நாமகிரித் தாயார் கனவிலே வந்து சூத்திரங்களை எழுதிக் காட்டினாள் என்று சொல்லுகின்றார்கள். அவரும் அப்படி நம்பியிருந்தார் என்றே வைத்துக்கொள்ளுவோம். நாம் கேட்பது ஒன்றே. நாமகிரித் தாயார் பெண் தெய்வந்தானே? பெண்ணாகிய ஒரு தெய்வம் இத்தனை நூற்றாண்டில் ஒரு பெண்பிள்ளையின் கனவில்கூட வந்து ஒரு சிறு பின்னக் கணக்காவது எழுதிக் காட்டக்கூடாதா? காட்டவில்லை. ஏனென்றால் ராமானுஜனுக்குக் கனவு காணும் முன் பள்ளிக்கூடம் கிடைத்தது, சிலேட்டு கிடைத்தது, சுமார் 16-வது வயதில் ஒரு கணிதப் புத்தகம் இரவலாகக் கிடைத்தது.

அவருடைய மனைவி ஜானகி அம்மாளுக்கு என்ன கிடைத்தது? 1909-ல், 10-வது வயதில், தாலி கிடைத்தது. புருஷன் 1914-ல் சீமைக்குப் போனபோது இந்தப் பெண் இங்கேயே மாமியார் வீட்டில் விடப்பட்டாள். அவர் 1919-ல் நோயோடு திரும்பி, 1920-ல் காலமானபோது ஜானகி அம்மாளுக்கு வயது 21. அதற்கப்புறம் 1994 வரை, எழுபத்துநாலு வருஷ காலம், அந்த அம்மையார் உயிரோடிருந்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து ஜீவித்தார். உலகமே மெச்சுகின்ற கணித மேதையின் வீட்டில் வாழ்க்கைப்பட்ட அந்தப் பெண்ணின் கையில் யாராவது ஒரு கணிதப் புத்தகத்தைக் கொடுக்க நினைத்தார்களா? அவளுக்கு மூளை இருந்ததா இல்லையா என்பது யாருக்குத் தெரியும்? பரீட்சை வைத்தால்தானே தெரியும்! பத்து வயதில் கல்யாணம் செய்துவைத்தவர்களுக்கு அந்தப் பரீட்சைக்கு நேரமில்லை.

"இந்த நாட்டில்தான் அப்படி, வெள்ளைக்காரன் நாட்டில் பெண்கள் எப்போதும் படித்தார்கள்" என்று சில தோழர்கள் நினைக்கின்றார்கள். அதுவும் தப்பு. இந்த விஷயத்தில் வெள்ளைக்காரனும் நல்ல சனாதனியாகவே இருந்தான். பிரான்சில் சோஃபி ஜெர்மெய்ன் என்கின்ற பெண் (1776-1831) இராத்திரியில் கணிதம் படிப்பதைத் தடுக்க அவளுடைய பெற்றோர் மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டார்கள், குளிர்காயும் நெருப்பை எடுத்துவிட்டார்கள், கதகதப்பான துணியையும் எடுத்துவிட்டார்கள். அவள் ஒளித்து வைத்திருந்த மெழுகுவர்த்தியை ஏற்றிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு படித்தாள். பாரிஸில் திறந்த புதிய கல்லூரியில் பெண்களைச் சேர்க்க மாட்டோமென்றதால், லெப்லான் என்று ஆண் பேரை வைத்துக்கொண்டு தன்னுடைய கணக்குகளை அங்கிருந்த பேராசிரியர் லாக்ராஞ்சுக்கு எழுதியனுப்பினாள். அந்த லாக்ராஞ்ச் நல்ல மனிதர். எழுதியவர் பெண் என்று தெரிந்த பிறகும் அவளை ஆதரித்தார். (இந்த லாக்ராஞ்சின் பேரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், நமது தென்காசி ஜில்லாவுக்கு அவரால் ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கின்றது.)

ருஷியாவில் சோஃபியா கோவலெவ்ஸ்கயா மேல்படிப்புக்காகத் தேசத்தைவிட்டு வெளியேற, பேருக்கு ஒரு கல்யாணம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. பெர்லின் சர்வகலாசாலை அவரைப் பாடங் கேட்க உள்ளே விடவில்லை. வாத்தியார் வீட்டில் தனியாகப் படித்து 1874-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். இங்கிலாந்தில் 1890-ல் பிலிப்பா ஃபாசெட் என்கின்ற 22 வயதுப் பெண், கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் முதல் ஆணையும் தாண்டி மார்க்கு வாங்கினாள். பட்டம் கொடுத்தார்களா? இல்லை. பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாம் என்று கேம்பிரிட்ஜுக்கு 1948-ல்தான் புத்தி வந்தது! கணிதத்தில் உலகத்திலேயே பெரிய பரிசு என்கின்ற ஃபீல்ட்ஸ் மெடல் 1936-ல் ஆரம்பித்தது. ஒரு பெண்ணுக்கு அது முதன்முதலாகப் போனது 2014-ல், ஈரான் தேசத்தில் பிறந்த மரியம் மிர்சாகானிக்கு.

நமது பெண்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த ராமன் பரிமளா, அல்ஜீப்ராவில் உலகம் மதிக்கும் ஆராய்ச்சி செய்தவர். 2010-ல் அய்தராபாத்தில் உலகக் கணித மகாநாடு கூடியபோது முழுச் சபையின் முன் பிரசங்கம் செய்ய அழைக்கப்பட்டவர்களில் ஒருவர். அவரிடம் ஆராய்ச்சி செய்த மாணவி சுஜாதா ராமதுரை. இந்த அம்மையார் எம்.எஸ்.ஸி. பட்டம் வாங்கியது பெரிய சீமைக் கலாசாலையில் அல்ல. நமது அண்ணாமலைச் சர்வகலாசாலையில், தபால் மூலம் படித்து! 2006-ல் அவருக்கு ஓர் உலகப் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசின் பேர் ராமானுஜன் பரிசு. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. ராமானுஜன் வீட்டுப் பெண்ணுக்குத் தையல் ஊசி. ராமானுஜன் பேரிலுள்ள பரிசு ஒரு பெண்ணுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் நாமகிரித் தாயார் கருணையினால் ஏற்பட்ட மாறுதல் ஒன்றுமில்லை. பெண்கள் பள்ளிக்கூடம் ஏற்பட்டது, குழந்தைக் கலியாணம் ஒழிந்தது, அவ்வளவுதான்.

அதெல்லாம் பட்டணத்துப் பெண்கள், பெரிய இடத்துப் பெண்கள் என்று குருவிகுளத்துத் தோழர் சொல்லக்கூடும். சொல்லவும் செய்தார். சரி, செங்கோட்டைக்குப் போவோம். சங்கரன்கோயிலில் ரயிலேறினால் தென்காசிக்கு அடுத்தாற்போல் இருக்கின்ற ஊர். அங்கே ஒரு விவசாயி வீட்டில் பிறந்து, உள்ளூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்து, திருநெல்வேலி அரசாங்க இன்ஜினியரிங் கல்லூரியில் படித்து, 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தவர் நிகார் ஷாஜி. சூரியனை ஆராய்வதற்காக 2023 செப்டம்பர் 2-ல் விடப்பட்ட ஆதித்யா-எல்1 என்னும் விண்கலத்திற்குத் திட்ட இயக்குநராக இருந்தவர் அவரே. அவருடைய தகப்பனார் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியிருந்தும் விருப்பப்பட்டே விவசாயம் செய்தவர். மகளுக்குச் சிறு வயதிலேயே மேரி கியூரியின் கதையைச் சொல்லி வளர்த்தவர். தோழர்களே! அந்தத் தகப்பனார் மகளுக்குக் கொடுத்த சீதனம் அதுதான்.

இப்பொழுது நமது லாக்ராஞ்ச் வருகின்றார். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில், பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் ஓர் இடமிருக்கின்றது. அங்கே இரண்டின் இழுப்பும் ஒத்துப்போவதால், ஒரு பொருளை அங்கே கொண்டுபோய் விட்டால் அது பூமியோடு கூடவே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மாதிரி இடங்கள் உண்டு என்பதை, விண்வெளிக்கு ராக்கெட்டு விடுகின்ற பழக்கமே இல்லாத 18-வது நூற்றாண்டில், காகிதத்தில் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார்கள். அவற்றுக்கு லாக்ராஞ்சின் பேரையே வைத்திருக்கின்றார்கள். எல்1 என்பதில் எல் என்பது அதுதான். 2024 ஜனவரி 6-ல் ஆதித்யா அவ்விடத்தைச் சுற்றும் பாதையில் சேர்ந்தது. ஆண் பேரில் ஒளிந்துகொண்டு ஒரு பிரெஞ்சுப் பெண் கடிதம் எழுதினாளே, அந்த மனிதர் பேருள்ள இடத்திற்கு, தன் சொந்தப் பேரில், செங்கோட்டைப் பெண் தலைமை வகித்த விண்கலம் போய்ச் சேர்ந்தது.

இதே ஜில்லாவில்தான் கிரகணம் பிடித்தால் கர்ப்பிணிப் பெண்ணை இருட்டறையில் போட்டுக் கதவைச் சாத்துகின்றார்கள். ராகு சூரியனை விழுங்குகின்றானாம். பெண் வெளியே வந்தால் பிள்ளைக்கு ஆகாதாம். நமது தோழர்கள் கிரகண நேரத்தில் தெருவில் நின்று சாப்பிட்டுக் காட்டுகின்றார்கள், நல்லதுதான். ஆனால் கிரகணம் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய ஒரு பெண் வீட்டிலிருந்தால் அந்தக் கதவை யாரும் சாத்த முடியாது. (விண்கலம் விடுகிற இடத்திலேயே இன்னும் பைத்தியம் தீரவில்லை என்பதும் நமக்குத் தெரியும். 2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்படும் முன் அதன் சிறு உருவத்தைத் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெங்கடாசலபதி கணக்குப் போட்டா அது சந்திரனில் இறங்கிற்று?)

ஜோசியத்தைப் பற்றி ஒரு கணக்கு. இதை வாசகர்கள் தங்கள் வீட்டுப் பெண்களை விட்டுப் போட்டுப் பார்க்கும்படி வேண்டிக்கொள்ளுகின்றோம். செவ்வாய் தோஷம் என்று சொல்லி எத்தனை பெண்களைக் கல்யாணச் சந்தையில் மூலையில் உட்கார வைத்திருக்கின்றார்கள்! ஜாதகக் கட்டத்தில் மொத்தம் 12 வீடு. லக்கினத்திலிருந்து எண்ண, 2, 4, 7, 8, 12 ஆகிய அய்ந்து வீடுகளில் எதில் செவ்வாய் இருந்தாலும் தோஷமாம். ஆகவே 12 குழந்தை பிறந்தால் 5 குழந்தைக்குத் தோஷம் என்றாகிறது. இதோடு விடுகின்றார்களா? சந்திரனிலிருந்தும் எண்ணு, சுக்கிரனிலிருந்தும் எண்ணு என்கின்றார்கள். மூன்று எண்ணிக்கையும் ஒன்றையொன்று சாராதது என்று வைத்துக்கொண்டால், 12-ஐ மூன்று தடவை பெருக்க 1,728 விதம். மூன்றிலும் தப்பிக்கின்ற விதம் 7-ஐ மூன்று தடவை பெருக்க 343. பாக்கி 1,385 விதத்திற்கும் தோஷம். அதாவது நூற்றுக்கு 80 பேருக்குத் தோஷம்! இப்படி ஊரில் முக்கால் வாசிக்கு மேற்பட்ட பேருக்குத் தோஷத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு விலக்கு, பரிகாரம் என்று சொல்லித் தட்சிணை வாங்குவதுதான் தொழில். பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடம் ஒழுங்காகப் படித்த பெண்ணிடம் எந்த ஜோசியன் வந்து "உனக்குத் தோஷம்" என்று சொல்ல முடியும்? நாம் நூறு மேடையில் பேசுவதை அவள் ஒரு சிலேட்டில் போட்டுவிடுவாள்.

கணிதத்தில் நமக்கு இவ்வளவு ஆசை வந்த காரணத்தையும் சொல்லிவிடுகின்றோம். நாம் அதிகம் படித்தவர்களல்ல. பள்ளிக்கூடத்தில் நாம் அறிந்த கணக்கு, பிரம்பின் கணக்குத்தான். வாய்ப்பாடு தப்பினால் எண்ணி அடி. பிறகு நாமாகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிப் படித்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. மற்ற எந்தப் பாடத்திலும் பெரியவர் சொன்னார், புத்தகம் சொல்லிற்று என்று ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் சிறிதாவது இருக்கின்றது. கணிதத்தில் இல்லை. முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்து இரண்டு செங்கோணம் என்று யார் சொன்னாலும், "ஏன்?" என்று கேட்கும் உரிமை ஒரு எட்டு வயதுப் பெண்ணுக்கு உண்டு, காரணம் சொல்லாமல் தப்பிக்கும் உரிமை எந்த ஆசாரியாருக்கும் கிடையாது. வாத்தியார் போட்டது தப்பு என்று மாணவி கரும்பலகைக்கு முன் நின்று காட்டிவிட்டால், வாத்தியார்தான் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். ஆணா பெண்ணா, எந்த ஜாதி என்று விடை கேட்பதில்லை. அடங்கிப் போ, எதிர்த்துப் பேசாதே என்று பிறந்தது முதல் கேட்டு வளர்கின்ற பெண்ணுக்கு, எதிர்த்துப் பேசுவதே பாடமாக இருக்கின்ற ஒரு பாடம் எவ்வளவு சந்தோஷத்தைக் கொடுக்கும்!

அந்தச் சந்தோஷத்தைத்தான் நாம் கெடுத்து வைத்திருக்கின்றோம். கணக்கு என்றால் வேகமாகப் பெருக்குவது என்று ஒரு நினைப்பு. 1980-ல் லண்டனில் சகுந்தலா தேவி 13 இலக்க எண்கள் இரண்டை 28 விநாடியில் மனதால் பெருக்கிச் சொன்னார். ஆச்சரியமான காரியந்தான். ஆனால் அந்த அம்மையாரே ஜோசியமும் பார்த்தார்! ஆகவே வேகமாய்ப் பெருக்குவது ஒரு வித்தை, நிதானமாய் யோசிப்பது வேறு காரியம். மெதுவாகப் போடுகின்ற பெண்ணை மக்கு என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள். தப்பாகப் போட்டால் எங்கே தப்பிற்று என்று அவளையே தேடச் சொல்லுங்கள். மகன் கணக்கில் தோற்றால் "சரியாகப் படிக்கவில்லை" என்றும், மகள் தோற்றால் "பெண்பிள்ளைதானே" என்றும் சொல்லுகின்ற அந்த ஒரு வாக்கியத்தையாவது நமது தோழர்கள் நிறுத்த வேண்டும். சாயங்காலம் மகன் புத்தகத்தோடு உட்கார, மகள் தண்ணீர்க் குடத்தோடு நின்றால், பரீட்சை முடிவு வரும்போது மூளையின் மேல் பழி போடுவது யோக்கியமாகாது. நமது படிப்பகங்களில் பத்திரிகைகள் மேசையில் கிடக்கின்றன. ஒரு கரும்பலகை மாட்டி வாரத்திற்கு ஒரு கணக்கு எழுதிப்போட என்ன செலவாகும்? பெண்பிள்ளைகள் வந்து உட்காரும்படியான படிப்பகமாக அது இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுகின்றோம். குருவிகுளத்திற்குச் சமீபத்திலுள்ள கழுகுமலைப் பாறையில், ஆயிரம் வருஷத்திற்கு முன் வெட்டிய கல்லெழுத்துக்களில், குரத்தியார் என்று சமணப் பெண் ஆசான்களின் பேர்கள் இருக்கின்றன. அவர்களிடம் பாடங் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆயிரம் வருஷத்திற்கு முந்தி இந்தக் கரிசல் சீமையில் பெண் உட்கார்ந்து பாடம் சொல்ல இடமிருந்தது. இன்று நமது படிப்பகத் திண்ணையில் இடமில்லை.

இனி, குருவிகுளத்தில் அன்றிரவு நடந்ததை முடித்துவிடுகின்றோம்.

நாம் பேசியதையெல்லாம் தோழர் மரியாதையாகக் கேட்டார்; ஆனால் மனம் அசையவில்லை. அந்தப் பெண் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். பேச்சு எங்கெங்கோ போய், தோழர் ஆடு வாங்குவதற்காக ஒரு பைனான்ஸ்காரரிடம் 12,000 ரூபாய் கடன் வாங்கிய சமாசாரத்திற்கு வந்தது. நூற்றுக்குப் பன்னிரண்டுதான் வட்டி, மிகவும் நியாயம், வெளியில் கந்துவட்டி எப்படியிருக்கிறது என்று பாருங்கள் என்று அவர் சந்தோஷப்பட்டார். வருஷ வட்டி 1,440. முதலோடு சேர்த்து 13,440. பன்னிரண்டு மாதத்தில் மாதம் 1,120 கட்ட வேண்டும். அட்டையைக் காட்டினார்.

நாம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ பாரம்மா, வட்டி பன்னிரண்டுதானா?" என்றோம்.

அவள் நம் கூட்டத்து நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பின்புறத்தில் எழுத ஆரம்பித்தாள். அய்ந்து நிமிஷம் ஆயிற்று. ஒரு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். பிறகு சொன்னாள்: "மாமா, பன்னிரண்டாயிரமும் வருசம் முழுக்க அப்பா கையில இருந்தாத்தான் பன்னிரண்டு வட்டி. மாசாமாசம் முதல்ல ஆயிரம் திருப்பிக் கட்டுறோமே. முதல் மாசம் பன்னிரண்டாயிரம், அடுத்த மாசம் பதினோராயிரம், கடைசி மாசம் ஆயிரந்தான் கையில இருக்கு. எல்லாத்தையும் கூட்டிப் பன்னிரண்டால வகுத்தா ஆறாயிரத்து ஐந்நூறு. ஆறாயிரத்து ஐந்நூறுக்கு ஆயிரத்து நானூத்து நாப்பது வட்டின்னா, நூத்துக்கு இருபத்திரண்டுக்கு மேல வருது."

தோழர் அட்டையைப் பார்த்தார். நோட்டீஸைப் பார்த்தார். பிறகு நம் பக்கம் திரும்பி, "இவ சொல்றது சரிதானா தோழர்?" என்று கேட்டார்.

"நம்மை ஏன் கேட்கிறீர்கள்? கணக்கு உங்கள் கையில்தானே இருக்கிறது, போட்டுப் பாருங்கள்" என்றோம்.

அவர் போட்டுப் பார்த்தார். நாம் படுக்கப் போகும்போதும் விளக்கடியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மையார் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறாயிரத்து ஐந்நூறு எப்படி வந்தது என்று மகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் பஸ் ஏற்றிவிட வந்தபோது தோழர் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. பஸ் கிளம்புகின்ற சமயத்தில் மாத்திரம், பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுக்க இன்னும் நாலு நாள் இருக்கிறது என்றும், கடிதம் எழுதுவதாகவும் சொன்னார். கடிதம் இதை எழுதும் வரை வரவில்லை. வந்தால் எந்தப் பிரிவு என்பதை அடுத்த இதழில் போடுவோம்.